பேராசிரியர் ஜே. பி. எஸ். ஹால்டேன்

நஞ்சிட்டுப் பகையை அழிப்போர் மாண்டவற்றை எண்ணி மகிழ்வது உலக இயல்பு. தப்பியவை எத்தனை, அவை எக்காரணத்தால் தப்பின, அவற்றின் சந்ததி எத்தன்மையதாய் இருக்கும் என்று வினவுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய், மாண்டவற்றினும் பிழைத்தவற்றையே கருத்தூன்றி எண்ணி, அவ்வெண்ணிக்கையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிய பெரியார் ஒருவரின் வாழ்க்கையை நம் கல்லூரி மாணவர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் ஆங்கில நாட்டிற் பிறந்து, இந்தியக் குடியாய் மறைந்த பேராசிரியர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் ஆவர்.

அவருடைய ஆராய்ச்சி எத்தகையது என்பதை விளக்க நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. பழனி மலைத்தொடரின் மேல்மலையில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டி வழியாகச் செல்லும் பாதையின் கடைக்கோடியிற் கிளாவரை என்னும் சிற்றூர் உள்ளது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பிற காய்கறிகளும் பயிரிட்டு வாழ்பவர் அவ்வூரார். அவ்வூருக்குச் செல்லும் வழியில், மன்னவனூரில், 1965ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் ஒன்று நடைபெற்று வருகின்றது. அங்கே பாரத் மெரினோ என்னும் உரோமச் செம்மறியும் இறைச்சிக்குரிய முயல்களும் தெரிந்தெடுத்து வளர்க்கப்படுகின்றன. நல்ல கிடாயை நிறுத்திக்கொண்டு அல்லாததை விலக்குவது ஒருவகைத் தேர்வு. அறுவடையிற் பருத்த பூண்டைப் பிரித்து அடுத்த போகத்திற்கு விதையாக வைத்துக்கொள்வது மற்றொருவகைத் தேர்வு. இவ்விரண்டையும் மனிதன் அறிந்தே செய்கிறான். அவன் அறியாமற் செய்யும் மூன்றாவது தேர்வும் ஒன்றுண்டு. பயிரைக் காக்க மருந்து தெளிக்குந்தோறும், அம்மருந்தைத் தாங்கவல்ல பூச்சியை அவனே பொறுக்கியெடுத்து, அதன் குலம் பெருக இடமளிக்கின்றான். கிடாயைத் தெரிந்தெடுக்கும் கையும் மருந்து தெளிக்கும் கையும் ஒரே கணக்கிற்கு உட்பட்டவை. அக்கணக்கை வகுத்தவருள் முதல் வரிசையில் நிற்பவர் ஹால்டேன்.

அவர் 1892ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆம் தேதி ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். தந்தையாராகிய ஜான் ஸ்காட் ஹால்டேன் சுவாசத்தைப்பற்றியும் சுரங்கங்களின் நச்சுக்காற்றைப்பற்றியும் ஆராய்ந்து புகழ்பெற்ற உடலியல் அறிஞர். அத்தந்தை தம் மைந்தரைச் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துள் அழைத்துச் சென்றார். ஒரு சுரங்கத்தில், எளிதில் தீப்பற்றும் காற்று மேற்புறத்தில் தேங்கியிருந்த இடத்தில் மகனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒரு சொற்பொழிவை ஒப்புவிக்கப் பணித்தார். சில அடிகள் சொல்வதற்குள் சிறுவருக்கு மூச்சுத் திணறிக் கால் தளர்ந்தது. தரையில் விழுந்தவுடன் மூச்சு மீண்டது. அக்காற்று இலேசானது, மேலே தங்குவது, கீழே கிடப்பவனைக் கொல்லாது என்னும் மூன்று உண்மைகளையும் அவர் புத்தகத்தினின்றும் கற்கவில்லை. தம் உடம்பினின்றே கற்றார். பிறரை ஆபத்திற்கு உட்படுத்துமுன் தன்னை உட்படுத்திப் பார்க்கவேண்டும் என்னும் நியதி அன்று தொட்டு அவர் உயிரோடு ஒன்றிவிட்டது.

மெண்டல் என்னும் துறவியார் பட்டாணிச் செடியிற் கண்ட பாரம்பரிய விதிகள் நெடுநாள் மறைந்து கிடந்து 1900ஆம் ஆண்டில் மீண்டும் வெளிப்பட்டன. மறு ஆண்டிலேயே, எட்டு வயதுச் சிறுவராகிய ஹால்டேன், தந்தையாருடன் அவ்விதிகளைப்பற்றிய ஒரு சொற்பொழிவைக் கேட்டார். சில ஆண்டுகள் சென்றபின் அவருடைய தங்கையார் நவோமி வீட்டில் கினிப்பன்றிகளை வளர்க்கத் தொடங்க, உடன்பிறந்தார் இருவரும் அவற்றின் நிறம் சந்ததிதோறும் எவ்வாறு இறங்குகிறதென்று குறித்து வந்தனர். பின்னர்ச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டனர். ஸ்பிரண்ட் என்னும் நண்பரும் உடன் உழைத்தார். சுண்டெலியின் உரோமம் வெளிறுவதற்குரிய கூறும், அதன் கண் இளஞ்சிவப்பாவதற்குரிய கூறும் தனித்தனியே பிரிந்து செல்லாமல், பெரும்பாலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே குட்டிகளைச் சென்றடைகின்றன என்று அவர்கள் கண்டனர். பாலூட்டும் பிராணிகளில் இத்தகைய பிணைப்பு காட்டப்பட்டது அதுவே முதன்முறை. கட்டுரை 1915ஆம் ஆண்டு வெளிவந்தபோது முதல் உலகப்போர் மூண்டிருந்தது. ஹால்டேன் போர்முனையில் இருந்தார். ஸ்பிரண்ட் போரில் மாண்டார். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச்சாலைகளில் இலட்சக்கணக்காக வளர்க்கப்படும் சுண்டெலிகளின் பாரம்பரியப் படத்திற்கு முதற்கோடு இழுத்தவர்கள் ஓர் இளம்பெண்ணும் இரு மாணவர்களும் என்பது நம் மாணவர் கருதத்தக்கது.

போரில் ஹால்டேன் பிரான்சிலும் மெசொப்பொத்தேமியாவிலும் காயமுற்று, உடல் தேறும்பொருட்டு இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின் அழகும் மக்களின் பண்பும் அவரைக் கவர்ந்தன. ஆயினும் ஆள்வோராகவும் ஆளப்படுவோராகவும் அன்றி, ஒத்த நிலையில் இந்தியரோடு பழகக்கூடிய காலம் வந்தாலன்றி மீண்டும் இங்கு வருவதில்லையென்று அவர் தம்முள் உறுதி செய்துகொண்டார். அவ்வுறுதி நாற்பதாண்டு கழித்துப் பலித்த விதத்தைப் பின்னர்க் காண்போம்.

போர் முடிந்து திரும்பியவர் ஆக்ஸ்போர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் லண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியிலும் ஆசிரியராயிருந்தார். இதில் வியப்பு யாதெனில், அவர் கணிதமும் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களும் கற்றுப் பட்டம் பெற்றவரேயன்றி, விஞ்ஞானத்தில் ஒரு பட்டமும் பெற்றவரல்லர். கணிதமே அவர் கையிற் கருவியாயிற்று. உயிர்களிடையே தகுதியுடையது பெருகும், தகுதியற்றது குறையும் என்று டார்வின் கூறிச் சென்றார். ஆனால் எத்தனை தலைமுறையில், எந்த வேகத்தில் என்று அவர் கூறவில்லை. அவ்வினாவிற்கு விடையாக 1924ஆம் ஆண்டு முதல் ஹால்டேன் இயற்கைத் தேர்வையும் செயற்கைத் தேர்வையும் பற்றிய கணிதக் கட்டுரைகளை வரிசையாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஃபிஷரும், அமெரிக்காவில் கினிப்பன்றிகளை ஆராய்ந்துவந்த சியூவல் ரைட்டும் அதே காலத்தில் அதே துறையில் உழைத்தனர். இம்மூவரே இத்துறைக்கு அடிகோலியவர் என்பர்.

அக்கணக்கின் இயல்பை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு பண்பு தன்னை உடைய உயிருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே அனுகூலம் செய்வதாகக் கொள்வோம். அப்பண்பு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே குட்டியிடம் வெளிப்படும் மேலோங்கு பண்பாயின், நூற்றுக்கு ஒன்றாயிருந்தது நூற்றுக்கு ஐம்பதாவதற்கு 4,819 தலைமுறை செல்லும் என்று ஹால்டேன் கணித்தார். அனுகூலம் பத்தில் ஒரு பங்காக உயருமேல், அம்மாறுதலுக்கு ஏறக்குறைய 50 தலைமுறையே போதும். மான்செஸ்டர் நகர்ப்புறத்திற் புகையாற் கறுத்த மரங்களிடையே ஒருவகை அந்துப்பூச்சி வாழ்ந்தது. அதன் கருநிற வகை 1848ஆம் ஆண்டு வரையில் அருமையாயிருந்து, அரை நூற்றாண்டிற்குள் வெளிர்நிற வகையை ஏறத்தாழ முற்றும் நீக்கிவிட்டது. இவ்வேகத்தை விளக்கவேண்டுமாயின், வெளிர்நிறப் பூச்சி 2 சந்ததியை விடும் இடத்தில் கருநிறப் பூச்சி 3 சந்ததியை விட்டிருத்தல் வேண்டும் என்று ஹால்டேன் காட்டினார். இயற்கைத் தேர்வு இத்துணை வலிதாயிருக்குமென அந்நாளில் நம்பியோர் சிலரே. சுமார் முப்பதாண்டிற்குப்பின் கெட்டில்வெல் என்பார் காடுகளிற் சென்று நேரே சோதித்தபோது, பறவைகள் வெளிர்நிறப் பூச்சியைப் பொறுக்கித் தின்பது உண்மையென்று புலப்பட்டது.

இக்கணக்கிற்கு ஒரு நிபந்தனை உண்டு. தேர்வு புதிதாக ஒன்றையும் படைப்பதில்லை. முன்னமே கலந்துகிடக்கும் வேறுபாட்டினின்றும் ஒன்றைப் பெருக்குகிறது, அவ்வளவே. கிளாவரையில் விளையும் பூண்டு பல்லை ஊன்றிப் பயிராவதாதலின், பிள்ளை பெரும்பாலும் தாயின் அச்சாகவே இருக்கும். எனவே உழவன் எத்துணைக் கருத்தோடு பொறுக்கினும் நோயற்ற நல்விதையைப் பெறுவானேயன்றிப் புதிய இனத்தைப் பெறுதல் அரிது. பூச்சியின் நிலை வேறு. அது ஆணும் பெண்ணும் கூடி ஆயிரமாயிரமாய்ப் பெருகுவது. அக்கூட்டத்தில் ஒன்றைப்போல் ஒன்றிராது. மருந்து விழுமுன்னரே அம்மருந்தைத் தாங்கவல்லது எங்கோ ஒன்றிரண்டு இருத்தல் கூடும். மருந்து அதற்கு வன்மையைக் கற்பிப்பதில்லை. அதன் பங்காளிகளைக் கொன்று, வயலை அதற்கு உரிமையாக்குகின்றது.

இது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் டி.டி.டி. என்னும் பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939ஆம் ஆண்டு கண்டறிந்து, 1948ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இந்திய அரசினர் 1953ஆம் ஆண்டு தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுச்சுவர்தோறும் அம்மருந்தைத் தெளிப்பித்தனர். விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடி மக்களைப் பீடித்ததாக மதிக்கப்பட்ட அந்நோய், 1965ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சமாகச் சுருங்கியது. எத்தனை இலட்சம் தாய்மார் கண்ணீரை அம்மருந்து துடைத்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் அத்திட்டத்தின் தொடக்கக் காலத்திலேயே, 1956ஆம் ஆண்டு, நம் ஈரோட்டு நகரத்து அனாபிலிஸ் கொசுவின் புழுக்கள் டி.டி.டி.யைத் தாங்கத் தலைப்பட்டன என்ற செய்தி ஆராய்ச்சி ஏட்டில் வெளிவந்தது. பின்னர்ப் பல மாகாணங்களினின்றும் இத்தகைய செய்திகள் வந்தன. 1976ஆம் ஆண்டில் மலேரியாக் கண்டோர் தொகை 64 இலட்சத்தைக் கடந்தது. பணமும் மருந்தும் உரிய காலத்திற் கிட்டாமையும் ஊழியர் தளர்ச்சியும் இதற்குக் காரணங்களாயினும், கொசுவின் எதிர்ப்பும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. வெப்பநாட்டிற் கொசுவொன்று முட்டையினின்று முழுவளர்ச்சி பெற ஏறக்குறைய இரண்டு வாரமே போதும். மேற்கூறிய 50 தலைமுறை அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளே என்று கணக்கிட்டுப் பார்ப்பார்க்கு, ஈரோட்டுச் செய்தி வியப்பளிக்காது.

பூச்சிக்கு மட்டுந்தான் இந்நியதியோ என்று ஐயுற்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஆஸ்பர்னும் மாரிசனும், ஹால்டேனின் பழைய தோழனாகிய சுண்டெலியையே எடுத்துக்கொண்டனர். தலைமுறைதோறும் டி.டி.டி.யைச் செலுத்தி, பிழைத்தவற்றையே இனம்பெருக்கச் செய்தனர். சில தலைமுறைக்குப்பின் அவ்வழிவந்த எலிகள் ஏனையவற்றினும் மிகுதியாக நஞ்சைத் தாங்கின என்று 1962ஆம் ஆண்டு வெளியிட்டனர். சுண்டெலி கருவுற்று ஈனுவதற்கு 20 நாள் செல்லும். குட்டி வளர்ந்து இனம்பெருக்க மேலும் ஆறேழு வாரம் வேண்டும். ஒரு ஈற்றில் அது போடுவது சில குட்டிகளே. ஆகையால் அதன் மாறுதல் ஈயினது போல விரைவாயும் பெரிதாயும் இராது. எனினும் நியதி ஒன்றே: எங்கே வேறுபாடும் பாரம்பரியமும் உளவோ, அங்கே நஞ்சு ஒரு வளர்ப்பாளனாகின்றது.

மனிதனும் இக்கணக்கிற்குப் புறம்பானவன் அல்லன் என்று முற்பட உணர்ந்தவரும் ஹால்டேனே. மத்தியதரைக் கடலோரத்து மக்களிடம் தலசீமியா என்னும் இரத்தநோய் மிகுந்து காணப்படுவது ஏன் என்ற வினாவிற்கு, அதன் கூறு ஒன்றை மட்டும் உடையவர் மலேரியாவை நன்கு தாங்குவர் போலும் என்று 1949ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அவர் ஊகித்தார். சில ஆண்டுகளில் ஆலிசன் என்பார் ஆப்பிரிக்காவில் அரிவாள் வடிவ இரத்த அணுவைப்பற்றி இதையே ஒத்த உண்மையைச் சோதித்து நிலைநாட்டினார். கொசுவை நாம் தேர்ந்தெடுப்பதுபோல, கொசு கொணரும் நோய் நம் முன்னோரைத் தேர்ந்தெடுத்துள்ளது.

கணித ஏட்டோடு நின்றவர் அல்லர் அவர். இரத்தத்தின் புளிப்பை அறியத் தாமே அமோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்து மூச்சிரைக்கப் படுத்தார். 1939ஆம் ஆண்டு தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் உயிர்நீத்தபோது, மூடிய அறையுள் கெட்ட காற்றையும் மிகுந்த அழுத்தத்தையும் தாமே தாங்கி, அம்மாலுமிகள் பட்ட பாட்டை அளந்தறிந்தார். அச்சோதனைகளால் அவர் முதுகெலும்பு ஊறுபட்டு, வாழ்நாள் முழுதும் நோவு தந்தது.

இத்துணை உண்மையாளராகிய அவர் வாழ்விலும் ஒரு கறை உண்டு. அதை மறைத்தல் சரித்திரம் எழுதுவார்க்கு அழகன்று. ஏழைகளின்பால் கொண்ட பரிவால் அவர் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தார். அக்காலத்தில் ரஷ்யாவில் லைசென்கோ என்பான் பாரம்பரிய சாஸ்திரத்தையே பொய்யென்று கூறி அரசின் ஆதரவைப் பெற்றான். பயிரினங்களைத் தொகுத்த மாமேதையும், ஹால்டேனை 1928ஆம் ஆண்டு தம் நாட்டிற்கு அழைத்தவருமாகிய வாவிலவ் 1940ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1943ஆம் ஆண்டு சிறையிலேயே மாண்டார். 1948ஆம் ஆண்டு அந்நாட்டில் மெண்டலின் சாஸ்திரம் வெளிப்படையாகவே தள்ளப்பட்டபோதும், ஹால்டேன் அதைத் திட்டமாகக் கண்டிக்கத் தயங்கினார். சுமார் 1950இல் அவர் கட்சியை விட்டு விலகினார்; ஆயினும் பேசவேண்டிய காலத்திற் பேசாமை பேசாமையே. தம் உடம்பை நஞ்சிற்கு ஈடுவைக்க அஞ்சாதவர், தம் கூட்டத்தாரின் மனம் கோணுமென்று அஞ்சினார். உடலின் துணிவு வேறு, மனத்தின் துணிவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1957ஆம் ஆண்டு, விடுதலை பெற்ற இந்தியாவிற்கு அவரும் அவர் மனைவியார் ஹெலன் ஸ்பர்வேயும் குடிபுகுந்தனர். பழைய உறுதி இவ்வாறு நிறைவேறியது. பேராசிரியர் மகாலனோபிஸ் நடத்திய கல்கத்தா இந்தியப் புள்ளியியற் கழகத்திற் சேர்ந்து, நம் உடை உடுத்து, புலால் நீக்கி, 1961ஆம் ஆண்டு இந்தியக் குடியுமானார். தாம் ஆசிரியராயிருந்த பாரம்பரிய சாஸ்திர ஏட்டையும் உடன்கொணர்ந்தார். அது இன்றும் இந்நாட்டினின்றே வெளிவருகின்றது. சென்னை ஹிந்து பத்திரிகை வாயிலாக அவர் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழ்நாட்டார் பலர் விரும்பிப் படித்தனர். விலையுயர்ந்த கருவிகள் இல்லையென்று ஏங்கிய இளைஞரிடம், கண்ணும் பொறுமையும் எண்ணும் உள்ளமுமே முதற்கருவிகள் என்று அவர் காட்டினார். அவர் ஊக்கத்தால் டேவிஸ் என்பார் தென்னையின் ஓலைகள் வலமாகச் சுழல்வதையும் இடமாகச் சுழல்வதையும் எண்ணி, இரண்டின் விளைச்சலையும் ஒப்பிட்டார். ஜெயகர் என்பார் ஆட்காட்டிக் குருவியின் கூட்டருகே காத்திருந்து குறிப்பெடுத்தார். பின்னர் ஹால்டேன் ஒரிசா அரசினர் உதவியோடு புவனேசுவரத்தில் ஓர் ஆராய்ச்சிச்சாலை அமைத்து, புற்றுநோயால் 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி அங்கேயே காலமானார். அவர் விருப்பப்படி அவர் உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர் பயிலும்பொருட்டு அளிக்கப்பட்டது. தம்மைத் தாமே சோதனைப் பொருளாக்கியவர் மறைந்தபின்னும் அவ்வழியினின்று வழுவவில்லை.

கடவுளை ஒப்பாத ஒருவரைக் கிறிஸ்தவக் கல்லூரியின் ஏடு போற்றலாமோ எனச் சிலர் வினவக்கூடும். அவர் கொள்கையை நாம் ஏற்கின்றோம் அல்லோம். ஆயினும் பிறர்க்கு இடர் வருமுன் தன்னை இடருக்கு உட்படுத்துதல், உண்மையை அளந்தறிதல், எளியோர் நாட்டை நாடி வந்து அவரோடு ஒருவராய் வாழ்தல் ஆகிய பண்புகள் எவரிடம் காணப்படினும் வணங்கத்தக்கவை என்று கருதுகின்றோம்.

அவர் வகுத்த கணக்கு இன்று நம் மலைநாட்டிற்கு மிக வேண்டப்படுவது. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு 1961ஆம் ஆண்டு நீலகிரியிற் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர்க் கொடைக்கானல் பகுதியிலும் காணப்பட்டது. அதை எதிர்க்கும் குப்ரி ஸ்வர்ணா என்னும் வகை கலப்பினால் உருவாக்கப்பட்டு 1985ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. நஞ்சைத் தாங்கும் புழுவை அறியாமல் வளர்ப்பதினும், புழுவைத் தாங்கும் பயிரை அறிந்து வளர்ப்பது மேல் என்பது இதனாற் பெறப்படும். அதுவும் முடிவான வெற்றியன்று. எதிர்ப்புடைய ஒரே வகையை ஆண்டுதோறும் நட்டால், அதையும் வெல்லும் புழுவை அப்பயிரே பொறுக்கியெடுக்கும். ஆதலால் பயிரை மாற்றி நடுதலும், மருந்தை வேண்டுமிடத்து வேண்டுமளவே இடுதலும், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப இடாமையும் கணக்கறிந்தார் செய்யும் காரியங்கள். இவற்றைக் கிளாவரை உழவனுக்கு அவன் மொழியிலே எடுத்துச் சொல்லுவார் வேண்டும். ஒரு தெளிப்பிற்கு அவன் செலவிடும் பணம் ஒருகால் அவன் குழந்தையின் பள்ளிச் சம்பளமாயிருக்கலாம். அது பூச்சியின் குலத்தை வலுப்படுத்தவே பயன்படுமாயின் அந்நட்டம் சிறிதன்று.

நம் கல்லூரியிற் கணிதம் பயிலும் மாணவரும் பிராணி சாஸ்திரம் பயிலும் மாணவரும் தனித்தனி வகுப்பில் அமர்வது வழக்கம். அவ்விரு வகுப்பிற்கும் இடையேயுள்ள சுவரில் ஹால்டேன் ஒரு வாயில் திறந்து வைத்தார். விடுமுறையில் மலைமேற் செல்லும் இளைஞர் அவ்வாயில் வழியே புகுந்து, ஒரு வயலில் மருந்திற்கு முன் எத்தனை பூச்சி, பின் எத்தனை, மறுபோகத்தில் எத்தனை என்று குறித்து வருவாராக. ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் அதற்குப் போதும்.